முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு மரபணுப் பரிசோதனை

பல் துலக்கினாலே கன்னத்தில் ஷாக் அடித்தது போல வலி. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக நரம்பு வலி என்றார் நரம்பியல் மருத்துவர். இதற்கு வழக்கமாக முதலில் தருவது கார்பமசெபின் மாத்திரை. ஆனால் அதை எழுதித் தரும் முன், ரத்தத்தில் ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

காரணத்தைக் கேட்டதும் பயமாகத்தான் இருந்தது. இந்த வகை உள்ள சிலருக்குக் கார்பமசெபின், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோமைத் தூண்டிவிடும். தோல் கொப்பளித்து உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிரே போகலாம். 2004-ல் தைவானில் நடந்த ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேருக்கும் இந்த வகை இருந்தது. 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்கும் முன் இதைப் பரிசோதிக்கச் சொன்னது.

ரத்தம் கொடுப்பது சுலபம். முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் கொடுமை. வலி தாங்காமல், மாத்திரையை இப்போதே தொடங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். இடைக்காலத்துக்கு கேபாபென்டின் கொடுத்தார், முழு நிவாரணம் இல்லை. ஆனாலும் அவர் அவசரப்படாதது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

முடிவு பாசிட்டிவ். கார்பமசெபின் இனி கிடையாது. அதன் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் வேண்டாம் என்றார். இந்த வகை இருந்தாலும் பலருக்கு ஒன்றும் ஆகாதாம். ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, வேறு மருந்துகளும் இருக்கின்றன. பிறகு எதற்கு அந்த ஆபத்து? மரபணு மாறாது என்பதால் இந்தப் பரிசோதனை ஆயுளுக்கு ஒருமுறை போதும். முடிவை எல்லா மருத்துவர்களிடமும் காட்டுகிறேன்.

அப்புறம் தங்கையிடம் சொன்னேன். பெற்றோரில் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கலாம். அவளுக்கு நெகட்டிவ். ஆனால் நெகட்டிவ் என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை, இதே ஆபத்தோடு தொடர்புள்ள வேறு மரபணு வகைகளும் உண்டு. அவளுக்கு எப்போதாவது கார்பமசெபின் தேவைப்பட்டால், முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் தடிப்பு எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.