3 முதல் 5 வயதுக்கு ஹாலோவீன் கைவேலை: எது ஒட்டியது, எது உரிந்தது

அமெரிக்கக் கடைகளில் செப்டம்பர் கடைசியிலேயே பரங்கிக்காய் குவிந்துவிடும். தோலில் கீறல் இல்லாத காய், குளிர்ந்த இடத்தில் வைத்தால், அதில் முகம் வெட்டி வாசலில் வைக்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 வரை தாராளமாகத் தாங்கும். துளை விழுந்த காய் ஒரு வாரத்துக்குள் உள்ளே பூசணம் பிடித்துத் தளர்ந்துவிடும். மழலையர் வகுப்பில் எதை எப்போது செய்வது என்பதை இந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்கலாம். பெயின்ட் முதலில், காகித வேலை நடுவில், சுத்தியும் கத்தியும் கடைசி வாரத்தில். வாங்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். காம்பு ஒடிந்தால் அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும்.

அக்டோபர் முதல் வாரம்: பெயின்ட்

குழந்தைகள் துணியில் கொட்டினாலும் துவைத்தால் போகும் டெம்பரா பெயின்டைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். அதை அப்படியே பூசினால் காயின் மெழுகுத் தோலில் நிற்காமல் துளித்துளியாகத் திரளும். காய்ந்த பிறகு தொட்டாலே செதில் செதிலாக உரியும். அக்ரிலிக் நன்றாக ஒட்டும், ஆனால் சட்டையில் காய்ந்துவிட்டால் போகாது.

சரியாக வந்த முறை இது. வினிகரில் நனைத்த துணியால் காயைத் துடைத்து உலர விட வேண்டும். முந்தின நாள் மாலையே பெரியவர் ஒருவர் வெள்ளை அக்ரிலிக்கில் ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆரஞ்சு நிறம் மேலேறி நீலத்தையும் பச்சையையும் மங்கலாக்கிவிடும். மறுநாள் குழந்தைகளுக்கு இரண்டு பங்கு டெம்பராவும் ஒரு பங்கு வெள்ளைப் பசையும் கலந்து கொடுக்கலாம். பசை சேர்ந்ததால் உரியாது, கையையும் வெந்நீரில் கழுவிவிடலாம். ஆனால் மழையில் கரைந்து வழியும், ஆகவே காயை வாசலில் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும்.

மூன்று வயதுக்குத் தூரிகை வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் துணிக்கிளிப்பில் மாட்டிக் கொடுத்தால் ஒற்றி ஒற்றிப் பூசுவார்கள். காய் உருளாமல் இருக்க ஈரத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அடியில் வைத்துவிட்டால் போதும்.

நீலம், பச்சை, கொஞ்சம் வெள்ளை கலந்தால் வரும் நீலப்பச்சை நிறத்தில் ஒரு காயாவது செய்வது நல்லது. ஹாலோவீன் அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளில் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிட்டாய் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கு வாசலில் வைக்கும் அடையாளம் அது. ஃபேர் என்ற அமைப்பு 2014இல் இதை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்றது. கிரேயான், ஸ்டிக்கர் போன்றவற்றை வாங்கி ஒரு கிண்ணத்தில் வைத்தால் ஆயிற்று.

நடுவில்: காகித வேலைகள்

காபி ஃபில்டர் வௌவால். அடி தட்டையான, வெள்ளை நிற ஃபில்டர் வேண்டும். நீரில் கரையும் மார்க்கரால் கிறுக்கச் சொல்லி, தண்ணீரை நான்கைந்து முறை மட்டும் தெளிக்க வேண்டும். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று படரும். கருப்பு மார்க்கர் பலவற்றில் நீலமும் ஊதாவும் பிரிந்து வரும். குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பது இதைத்தான். குப்பியைக் குழந்தை கையில் விட்டால் ஃபில்டர் குளித்து, எல்லாம் சேறு நிறமாகிவிடும். காய்ந்ததும் விசிறி மடிப்பாக மடித்து, கருப்பு பூசிய மரத் துணிக்கிளிப்பில் நடுவே கவ்வ வைத்தால் இறக்கை விரியும். புதுக் கிளிப்பின் கம்பி விறைப்பாக இருக்கும், மூன்று வயது விரல்களால் திறக்க முடியாது. பழைய கிளிப் நல்லது.

உள்ளங்கைச் சிலந்தி. கட்டைவிரலைத் தவிர்த்து இரண்டு கையையும் எதிரெதிராகப் பதித்தால் எட்டுக் கால். மேசை மேல் நேராகப் பதித்தால் உள்ளங்கைக் குழி பதியாமல் நடுவில் வெள்ளையாக விழும். காகிதத்துக்கு அடியில் மடித்த செய்தித்தாள் வைத்தால் முழுதாகப் பதியும். கையை எடுக்கும்போது குழந்தை இழுத்துவிடும், கால்கள் தேய்ந்துவிடும். காகிதத்தைப் பெரியவர் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கித் தூக்கிவிட வேண்டும். கருப்பு டெம்பராவில் ஒரு துளி பாத்திர சோப்பு கலந்தால் ரேகைகளில் தங்காது.

காகிதத் தட்டு வலை. மெழுகுப் பூச்சு இல்லாத மலிவுத் தட்டு, விளிம்பில் பன்னிரண்டு துளை, இரண்டு மீட்டர் கம்பளி நூல். நூல் நுனியில் டேப்பைச் சுற்றி ஊசி போல் விறைப்பாக்க வேண்டும், மறுநுனியைத் தட்டின் பின்னால் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை கோக்கக் கோக்க நூல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் துளைக்குள் போகாமல் விளிம்பைச் சுற்றிப் போனாலும் திருத்த வேண்டாம், வலை வலைதான்.

ஸ்டிக்கர் முகம் மிக எளிது. தாளில் ஸ்டிக்கர்களைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியை முன்பே உரித்து வைத்துவிட்டால், யாரையும் கூப்பிடாமல் அவர்களே எடுத்து ஒட்டுவார்கள். ஆடும் பிளாஸ்டிக் கண்களைத் தவிர்ப்பது நல்லது. கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குட்பட்டவர் கையில் தரக் கூடாது. பலூன் மேல் துணி போர்த்திச் செய்யும் பேயும் அதே காரணத்தால் வேண்டாம்: வெடித்த ரப்பர் துண்டு தொண்டையில் சிக்கும்.

கடைசி வாரம்: சுத்தி

எல்லாவற்றிலும் அதிக நேரம் குழந்தைகளைக் கட்டிப்போட்டது கோல்ஃப் டீ அடிப்பது. பந்தை ஏற்றி வைக்கும் அந்த மரமுளையில் சுமார் 70 மில்லிமீட்டர் நீளமுள்ளதை வாங்க வேண்டும். பிளாஸ்டிக் டீ வளையும். ‘பை’ என்ற இனிப்புப் பண்டம் செய்யும் சிறிய காயின் சதை கெட்டி, அதில் இறங்காது. முகம் வெட்டுவதற்கென்று விற்கும் பெரிய காய்தான் இதற்கு.

மெல்லிய திருப்புளியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் பெரியவர் துளை போட்டு டீக்களை நட்டுவிட வேண்டும். டீயைப் பிடித்துக்கொள்ள யார் விரலும் அங்கே இருக்கக் கூடாது. பொம்மைச் சுத்தி துள்ளுமே தவிர டீயை இறக்காது. இரும்புச் சுத்தியின் முகம் சிறிது, குறி தவறும். அகன்ற முகமுள்ள சிறு மரச்சுத்தி சரி. சாய்வாக அடிபட்ட டீ தெறிக்கும், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு காய்க்கு ஒரு சுத்தி, ஒரு குழந்தை. அடித்த டீயைத் திருகிப் பிடுங்குவது அடிப்பதைவிடக் கஷ்டமான வேலை, விரலுக்கு நல்லது. நாலரை, ஐந்து வயதுக்காரர்கள் டீக்களைச் சுற்றிக் கம்பளி நூலை இழுத்து வலை கட்டலாம்.

மறுநாள் அதே காயின் மேல்மூடியைப் பெரியவர் வெட்டித் திறக்கலாம். உள்ளே இருக்கும் நாரில் கைவிட அருவருக்கும் குழந்தைக்கு நீளமான கரண்டி கொடுக்கலாம், அல்லது நாரை ஜிப் பையில் போட்டு வாயை டேப்பால் அடைத்துப் பிசையச் சொல்லலாம். வற்புறுத்தினால் அழுகைதான். விதையைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், நாரைப் பிரிப்பது சுலபம். துணியில் உலர்த்த வேண்டும், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணி அடுக்கும் விளையாட்டுக்கு உதவும். நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழு விதையைத் தின்னத் தர வேண்டாம், மூச்சடைக்கும்.

உள்ளே வைக்க மெழுகுவத்திக்குப் பதில் எல்இடி விளக்கு. சின்ன விளக்குகளில் பெரும்பாலும் சிஆர்2032 நாணய பேட்டரி இருக்கும். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். 2022இல் வந்த ரீஸ் சட்டம் அமெரிக்காவில் இந்தப் பேட்டரி மூடிகள் குழந்தைகளால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது. பழைய விளக்கானால் மூடியில் திருகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏஏஏ பேட்டரி விளக்குக்கு மாறிவிடலாம்.

நவம்பர் முதல் தேதி, டீ அடித்த காய் உரக்குழிக்கு, அக்ரிலிக் பூசியது குப்பைக்கு. டீக்களைக் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே டப்பாவில் போட வேண்டும்; ஈரத்தோடு மூடினால் கறுத்துப் பூத்துவிடும்.