டப்பாவின் வரிகள்

பக்கத்து வீட்டு அம்மையார் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியதும், கிரான்பெர்ரி என்னும் புளிப்புப் பழத்தின் கெட்டிக் கூழ் சற்றும் உடையாமல் வழுக்கி வந்து, டப்பாவின் வளையங்கள் வரிவரியாகப் பதிந்த உருளையாகத் தட்டில் அமர்ந்தது.

கரண்டியால் குலைத்துவிடலாமா என்று கேட்டேன்.

அந்த வரிகள் தெரியாவிட்டால், தம் பிள்ளைகள் இதை நன்றி நவிலல் நாள் விருந்தாகவே ஏற்கமாட்டார்கள் என்றார்.

அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் இந்த நாள் வான்கோழிக்குரியது என்பார்கள். என் கவனமோ துணைக்கறிகளின் மீதுதான். பச்சை பீன்ஸைக் காளான் சூப்பில் கலந்து, பொரித்த வெங்காயம் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் பதார்த்தத்தை நெடுங்காலத்து மரபு என்றே நினைத்திருந்தேன்; அதுவோ 1955இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்காஸ் ரைலி என்பவர் உருவாக்கியது. பாட்டி சமைத்ததைப் பேத்தி கேட்டு வாங்கி உண்ணும் அளவுக்குக் காலம் கடந்தாலே போதும், டப்பா உணவும் மரபாகிவிடுகிறது போலும்.

மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு மிட்டாயை மேலே உருக்கிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியலை இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆனால் மாவுக் கூட்டில் பறங்கிக்காய் மசியலை நிரப்பிச் சுடும் ‘பை’ என்ற இனிப்பு வேறு. பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய் மணம் எழுந்தபோது, தீபாவளி லேகியம் கிளறும் அடுப்படியில் நிற்பதாகவே தோன்றியது.

இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.