பாஸ், ஆனே, சிஃபூ: கோலாலம்பூரில் நான் கற்ற விளிச்சொற்கள்

2022 ஆம் ஆண்டில் வேலை நிமித்தமாகத் திருநெல்வேலியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரத்தில், பக்கத்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்களின் உணவுக் கடையில், என் தந்தையின் வயதையொத்த ஒருவர் மேசையைத் துடைத்துவிட்டு, "பாஸ், என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பெரும் கூச்சமாகிவிட்டது. எங்கள் ஊரில் அந்த வயதுடையவரை நாம் அண்ணாச்சி என்போம், அவர் நம்மைத் தம்பி என்பார். அந்த ஏற்ற இறக்கம் பிறந்ததிலிருந்து காதில் பதிந்தது. அவர் என்னை எசமானாக்கிவிட்டதாக நினைத்து, அவர் தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீரைக் கொண்டுவந்தபோது எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கினேன்.

அடுத்த மேசையிலிருந்த இளைஞர் அவரை அழைத்த விதத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. "பாஸ், ரொட்டி சானாய் ரெண்டு!" என்றார் அவர். கடைக்காரர் வாடிக்கையாளரைப் பாஸ் என்கிறார், வாடிக்கையாளரும் கடைக்காரரைப் பாஸ் என்கிறார். வாகனம் நிறுத்துமிடத்தின் காவலர், கைபேசி பழுதுபார்ப்பவர், தளவாடம் இறக்குபவர் என எல்லாரும் ஒருவருக்கொருவர் பாஸ்தான். சென்னையிலும் "பாஸ், கொஞ்சம் தள்ளுங்க" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுண்டு, ஆனால் இங்கே அது இரு திசைகளிலும் சம எடையோடு செல்கிறது. ஒரு காலத்தில் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் வாயில் புழங்கிய துரை, கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற சொற்கள் எல்லாம் கீழிருந்து மேல்நோக்கி மட்டுமே சென்றவை. அதை எண்ணும்போது, இந்தப் பாஸ் என்ற சொல்லின் மீது எனக்கு உண்மையான மதிப்பு பிறக்கிறது.

முறையான பட்டங்களுக்கும் இங்கே குறைவில்லை. நான் தினமும் நடக்கும் தெருவின் பெயரே ஜாலான் துன் சம்பந்தன். துன், தான் ஸ்ரீ, டத்தோ என்பவை மாமன்னரோ மாநிலத் தலைவர்களோ அளிப்பவை. துன் பட்டம் பெற்றவரின் மனைவி தோ புவான் என அழைக்கப்படுவார். இந்தப் பழக்கம் நட்பு வட்டத்திலும் இறங்கியிருக்கிறது. எல்லாருக்குமான பில்லை ஒருவன் கட்டிவிட்டால், அன்று இரவு முழுவதும் அவன் டத்தோ.

என்னை இந்நாட்டோடு உண்மையில் பழக்கியது, ஐவர் கொண்ட இரு அணிகள் கைபேசியில் மோதும் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டுதான். 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று என்பதால், ஊரில் நான் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் கூட்டம் பப்ஜியில் மூழ்கிக் கிடந்தது. அங்கே நன்றாகச் சுடுபவன் தல, தலைவா. உடன் ஓடுபவன் மச்சி, மாப்ள, பங்காளி. இங்கோ, 2019 நவம்பரில் மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகச் சாம்பியன் போட்டியே கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில்தான் நடந்தது. என் அலுவலகத் தோழர்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் மாமாக் கடையில் கூடி விளையாடும்போது, ஐவர் அணியில் ஓர் இடம் காலியாக இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் இரவிலேயே நான் ஒரு பிழை செய்தேன். அணியில் சிறப்பாக ஆடிய ஒருவரைப் புகழ நினைத்து, அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு புதுச் சொல்லை எடுத்து, எதிரணியும் பார்க்கும் இடத்தில் அவரைத் தைகோ என்று எழுதிவிட்டேன். கண்டோனீஸ் என்னும் சீன மொழியில் அதற்கு மூத்த அண்ணன் என்று பொருள். ஆனால் மலேசியப் பேச்சில் அது குண்டர் கும்பலின் தலைவனைக் குறிக்கும். "அந்தச் சொல்லை நமக்குள்ளே வெச்சுக்கலாம் மச்சான், வெளியாளுங்க முன்னாடி வேணாம் லா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். கும்பல்களின் நிழலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு என்று அவர் சொன்னபோது, ஒரு சொல்லை அகராதிப் பொருளோடு மட்டும் கற்பது எவ்வளவு அரைகுறையானது என்று எனக்கு உறைத்தது.

அதற்குப் பதிலாக அவர்கள் வழங்கும் சொற்கள் இரண்டு. நீண்ட காலம் ஆடிப் பழுத்தவர் ஓத்தாய். நுட்பம் அறிந்து பிறருக்கும் சொல்லித் தருபவர் சிஃபூ, அதாவது குரு. சிஃபூ என்பது சீனச் சொல்; அதன் ஹொக்கியன் வட்டார வடிவமான சுஹு என்பதை இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் எழுதுவார்கள். எங்கள் அணியில் ஆட்டக்களத்தின் காட்டுப் பகுதியில் மிருகங்களை வேட்டையாடுபவர், அதாவது ஜங்லர், ஒரு பெண். லார்ட் என்னும் பெரிய மிருகத்தின் உயிர் சரியாக எந்த அளவுக்கு இறங்கும்போது ரெட்ரிபியூஷன் என்னும் தாக்குதலை ஏவி அதை எதிரணியிடமிருந்து பறிக்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச எங்களில் ஆளில்லை. அவரை என்னவென்று அழைப்பது என்று நான் தடுமாறினேன். மச்சான், மாப்ள, பங்காளி எல்லாம் ஆணுக்கு ஆண் வழங்கும் உறவுச் சொற்கள். அக்கா என்றால் அவர் என்னைவிட இளையவர். தலைவி என்றால் மேடைப் பேச்சாகிவிடும். மற்றவர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் அவரைச் சிஃபூ என்றார்கள். வயதையும் பாலினத்தையும் கேட்காமல் திறனை மட்டும் கேட்கும் அந்தச் சொல்லுக்கு இணையாக, நண்பர்களுக்கிடையே புழங்கும் ஒரு தமிழ்ச் சொல்லை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆடுவது டேங்க், அதாவது முன்னால் நின்று அடி வாங்குபவர். அந்த வேலைக்குப் பட்டம் எளிதில் கிடைக்காது. லார்டைப் பறித்தவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஆயினும் அணியின் ஐந்தாமவனான மலாய்த் தம்பி ஒருவன், நான் அவனுக்காக அடி வாங்கி விழும்போதெல்லாம் "தெரிமா காசி (நன்றி), ஆனே" என்பான். ஆனே என்பது நம் அண்ணேதான். மாமாக் கடையில் பரிமாறுபவரை அழைப்பதற்கான சொல்லாகவே அது மலாய்க்காரர்களின் வாயில் பதிந்திருக்கிறது. மச்சா என்று எல்லாத் தமிழ் ஆடவரையும் பிற இனத்தார் அழைப்பதைச் சிலர் உரிமையாகவும் சிலர் இளக்காரமாகவும் எடுத்துக்கொள்வதை அறிந்திருந்ததால், இவன் எந்தப் பொருளில் என்னை அழைக்கிறான் என்று ஒருநாள் கேட்டேன். அது கடையில் வேலை பார்ப்பவரின் பெயர் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்ததாகவும், தமிழர்களைப் பணிவாக அழைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அது என்றும் சொன்னான். உங்கள் அபாங் என்ற சொல்லும் இதுவும் ஒரே பொருள் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதைச் சரியாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம் தொடங்கும் முன் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறான். ணகரம் அவன் நாவுக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை.