எந்த நிலையிலும் ஒரு மில்லிவிநாடிக்குள் முடியுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் மோட்டார் கட்டுப்பாட்டு போர்டுக்கு ஃபர்ம்வேர் (போர்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதுகிறோம். கட்டுப்பாட்டுக் கணக்கு மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடும்; அடுத்தது தொடங்குவதற்குள் முடிந்தே ஆக வேண்டும். சிப் எஸ்டிஎம்32எஃப்407, 168 மெகாஹெர்ட்ஸ். ஒரு மில்லிவிநாடிக்குக் கையில் இருப்பது 168,000 சைக்கிள், அதாவது கடிகாரத் துடிப்பு. எந்த நிலையிலும் அதற்குள் முடியும் என்பதற்கு வாடிக்கையாளர் ஆதாரம் கேட்டார்.

முதலில் அளந்தோம். சிப்பின் செயலியான கோர்டெக்ஸ்-எம்4-க்குள்ளேயே சைக்கிள் எண்ணும் கவுண்டர் உண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் படித்துக் கழித்தால் போதும். இரவு முழுக்க ஓடவிட்டும் நேரம் நிறையவே மிச்சமிருந்தது. எங்கள் சீனியர் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, நடந்தத அளந்திருக்க. இன்னும் நடக்காதது எவ்வளவு எடுக்கும்?"

சரிதான். அப்புறம், நிரலை ஓட்டாமலே பைனரியின் (சிப்பில் ஏறும் இயந்திரக் கோடின்) எல்லாப் பாதைகளையும் கணக்கிடும் கருவியை எடுத்தோம். லூப் அதிகபட்சம் எத்தனை முறை சுற்றும் என்பதை அதனால் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் நாம்தான் சொல்ல வேண்டும். வேலையே அதுதான். சீரியல் இணைப்பில் வரும் பைட்டுகள் காத்திருக்கும் பஃபரைக் காலி செய்யும் லூப்பையே பாருங்கள். பஃபர் 256 பைட். ஆனால் 115200 பாட் (விநாடிக்கு அத்தனை பிட்) வேகத்தில், பைட்டுக்கு 10 பிட் என்றால், மில்லிவிநாடிக்கு 12 பைட்டுக்கு மேல் வராது. கட்டுப்பாட்டுக் கணக்கின் ஒரு சுற்று சீக்கிரமும் அடுத்தது தாமதமாகவும் படித்தால் 24 வரை சேரும். அந்த 24-ஐக் கருவிக்கு மட்டும் சொல்லாமல் கோடிலேயே வரம்பாக வைத்தோம். மிச்சத்தை அடுத்த சுற்று எடுத்துக்கொள்ளும். வாய்வார்த்தையாகத் தரும் வரம்பை நான் நம்புவதில்லை.

கருவி அடுத்து நின்ற இடம்தான் என்னை உலுக்கியது. ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வேலை முடியும்வரை காத்திருக்கும் லூப். அதற்கு வரம்பே இல்லை. மோட்டாரில் மின்னோட்டம் எகிறினால் பழுதுப் பதிவுக்காக ஃபிளாஷின் 128 கேபி பகுதி (செக்டர்) ஒன்றை அழிக்கும் பாதை அது. அழிக்க ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். நிரலும் அதே ஃபிளாஷிலிருந்து ஓடுவதால் அதுவரை சிபியு அப்படியே நிற்கும். மோட்டாரைப் பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில்! இரவு ஓட்டத்தில் பழுது எதுவும் வராததால் அளவீட்டில் இது தெரியவே இல்லை.

செக்டர் அழிப்பை மோட்டார் சுழலும் முன், பவர் வந்தவுடனேயே செய்யும்படி மாற்றினோம். பழுது நேரத்தில் சுற்றுக்கு ஒரு வேர்டு (4 பைட்) மட்டும் எழுதப்படும்.

கடைசியில் கிடைத்த வரம்பு அளந்ததைவிட நன்றாகவே அதிகம். தாமதமாகுமா என்று சந்தேகமுள்ள ஒவ்வொரு ஃபிளாஷ் வாசிப்புக்கும் கருவி முழுத் தாமதத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இருந்தும் 168,000-க்குள் அடங்கியது. ஒவ்வொரு லூப் வரம்புக்கும் காரணம் எழுதி அறிக்கையோடு அனுப்பினோம். வாடிக்கையாளர் முதலில் கேள்வி கேட்டது அந்தப் பட்டியலில்தான்.