எழுத்து சொல்லிக்கொடுக்க இலங்கைக்குப் போகிறேன்

இலங்கை மலையகத்தில் எழுத்தறிவு வகுப்பு எடுக்கப் போகிறேன் என்றதும் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பலரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன் டீச்சர், அங்கே தமிழ் படிச்சவங்க இல்லையா?" நிறையவே இருக்கிறார்கள். ஆனால் சின்ன வயதிலேயே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்ட அம்மாமார்களுக்கு, வேலை முடிந்த பிறகு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. ஹட்டன் பக்கம் ஒரு சிறிய குழு உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி அந்த வகுப்புகளை நடத்துகிறது. அந்தப் பெண்களுக்குத் துணையாக இருக்கத்தான் போகிறேன்.

முதலில் விசாரித்தது வேறோர் அமைப்பிடம். பெரிய தொகை கேட்டார்கள். தங்குமிடம், சாப்பாடு, மலையில் சுற்றுலா என்று பட்டியல் நீண்டது. யாருக்குச் சொல்லித்தருகிறோம், நான் திரும்பிவிட்ட பிறகு வகுப்பை யார் நடத்துவார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன். இப்போதைய குழுவோ என்னிடம் பணம் கேட்கவில்லை, கேள்விதான் கேட்டது. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் என்பதால் பேச்செல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். "பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த அனுபவம் இருக்கு, சரி. பெரியவங்களுக்கு?" என்றார் ஒருங்கிணைப்பாளர். தமிழ்ப்பள்ளியிலேயே காலம் கழித்த எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஊரிலேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பேசுங்கள் என்றார்.

அந்த ஒருவர் எங்கள் வரிசையிலேயே இருந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்த அக்கா, பள்ளிக்கூடப் படி ஏறாதவர். முதல் நாள் பலகையில் பெரிதாக 'அ' எழுதினேன். "இது எனக்கு எதுக்கும்மா?" என்றார். அவருக்கு வேண்டியது கிளினிக் கார்டில் அடுத்த தேதியைப் படிப்பது. அது மலாயில் இருந்தது. தமிழில் என்ன படிக்க ஆசை என்று கேட்டதற்கு, கோயில் திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்களை என்றார். இனி யார் என்ன கொடுத்தார்கள் என்று மற்றவர் வாயைப் பார்க்க வேண்டாமாம்!

அப்புறம் அந்த நோட்டீஸ்தான் பாடப்புத்தகம். முதலில் அவர் பெயர், பிறகு மகன் பெயர், பிறகு தெரிந்த குடும்பங்களின் பெயர்கள். பெயரிலிருந்து எழுத்தைப் பிரித்து, அதே எழுத்து வரும் வேறு சொல்லுக்குப் போனோம். இது ஒன்றும் புது வழி இல்லை. 1963இல் பிரேசிலின் அஞ்சிகோஸ் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர், மக்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை எடுத்துப் பேசவைத்து, அதிலிருந்துதான் எழுத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள் பெண்கள். தேவைக்கு உதவாத எழுத்து வயதானவர் மனதில் தங்காது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்த அக்காவின் முகத்தில் பார்ப்பது வேறு.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216 உயிர்மெய். அவற்றில் பெரும்பாலானவை கால், கொம்பு, சுழி என்று ஒரே பழக்கத்தில் வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் வயதானவர்களைப் படுத்தும். அங்கே அவசரப்படக் கூடாது. இன்னொன்றும் தெரிந்தது. அக்காவுக்கு எழுத்து வராமல் இருந்ததில் பாதிக் காரணம் வெள்ளெழுத்து. ஒரு மலிவான வாசிப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டதும் பாடம் ஓடத் தொடங்கியது. மலையகத்துக்கு எடுத்துப்போகும் பெட்டியில் பாதி இடம் கண்ணாடிகளுக்குத்தான்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒருங்கிணைப்பாளர் அங்குள்ள நிலைமையைச் சொன்னார். 2021இல் தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது. ஆனால் பறித்த எடை குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். ஆகவே அங்கே பாடம் எடைச் சீட்டிலும் சம்பளச் சீட்டிலும் ஆரம்பிக்கிறது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றானது; 1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் சேர்த்தார்கள். ஆனாலும் சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதங்கள் லயத்துக்கு வருவது நிற்கவில்லை என்றார். அதனால் சிங்கள எழுத்தும் சிலருக்குப் படிக்க வேண்டுமாம். அது என்னால் ஆகாது. உள்ளூர் ஆள் பார்த்துக்கொள்வார். இப்படி எது நம் வேலை, எது இல்லை என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும். அழைக்கும் அமைப்புதான் அங்குள்ள குடிவரவுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். "எல்லாரும் டூரிஸ்ட் விசாவிலதான் போறாங்க" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நன்னடத்தைச் சான்றிதழுக்கு நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் இணையம் வழியே விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட்டை ஈப்போவில் புதுப்பித்தேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 200 வெள்ளி இல்லை, 100தான். வயதானதில் கிடைத்த ஒரே லாபம்.

தொல்லை கொடுத்தது பெயர். அடையாள அட்டையான ஐசியில் ஓர் எழுத்துக்கூட்டல், பழைய ஆசிரியர் சான்றிதழில் இன்னொன்று. நம் தலைமுறையில் பலருக்கும் இந்தக் கதைதான். பதிவு செய்த கிராணியின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி ஆணையர் முன் கையெழுத்திட்டு இணைத்தேன். உங்கள் சான்றிதழ்களையும் இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளைப் பற்றி டாக்டரிடம் பேசியாயிற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கு மேல். ஹட்டன் அந்த அளவு உயரம் இல்லை என்றாலும் குளிர் உண்டு. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி, தேயிலைச் சரிவில் நடந்து பார்த்தேன். முழங்கால் தாங்குகிறது. ஸ்வெட்டர்தான் போதவில்லை, இன்னொன்று வாங்கவேண்டும்.

விசாக் கடிதம் இன்னும் வரவில்லை. அது கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுப்பேன். அதுவரை வாரத்தில் சில மாலைகள் அக்காவோடு உட்காருகிறேன். உபயகாரர் பட்டியல் முடிந்துவிட்டது. இப்போது கிளினிக் கார்டுக்காக இஸ்னின் (திங்கள்), செலாசா (செவ்வாய்) என்று மலாய் எழுதும் ரூமி எழுத்து நடக்கிறது. நான் கிளம்பியதும் அதைத் தொடர, ஐந்தாம் படிவம் முடித்த அவர் பேத்தியிடம் பேசிவைத்திருக்கிறேன். சம்மதித்திருக்கிறாள், சனிக்கிழமை மட்டும் முடியாதாம்.