பக்கத்து வீட்டுப் புளிச்சக்கீரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏப்ரல் மாத விவசாயம் முழுக்க ஜன்னலோரத்தில்தான். மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வரும்வரை உறைபனிக்குப் பயந்து யாரும் நாற்றை வெளியே வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இந்த வருடம் தக்காளியோடு கஞ்சாவும் போட்டிருந்தார்.

பதற வேண்டாம். 2018 அக்டோபர் 17 முதல் இங்கே அது சட்டப்படி சரி. வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம். ஆள் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் கடையில் வாங்கலாம், வீட்டில் வளர்க்கக் கூடாது. என்ன நியாயமோ!

மனிதர் நாலு தொட்டியையும் ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். குளிர்காலம் முழுக்க எங்கள் ஜன்னலில் கறிவேப்பிலை உயிரோடு இருந்ததைப் பார்த்து, இந்த வீட்டில் கைராசி இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார். ஜாண் உயரம்கூட இல்லாத செடிகள். கீழ் இலை நன்றாகப் பழுத்து, மேல் இலை வெளிறி, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

செய்த வைத்தியத்தை அவரே ஒப்பித்தார். மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு என்று எங்கோ பார்த்து உரம் ஊற்றினார். மறுநாள் மக்னீசியம் குறைவு என்று யாரோ சொல்ல, எப்சம் உப்பு கரைத்து ஊற்றினார். அப்புறம் மண்ணின் புளிப்பு சரியில்லை என்று ஒரு மீட்டர் வாங்கி, அது காட்டிய எண்ணுக்குப் பயந்து இன்னொரு திரவம். ஒவ்வொன்றையும் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். "புளிச்சக்கீரை மாதிரி இருக்கே. பாவம், இப்படிப் பழுத்துக் கெடக்கு." நான் திருத்தவில்லை. அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. புளிச்சக்கீரையின் தாவரவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கன்னாபிஸ் என்றால் கஞ்சா. இலை அது மாதிரி இருக்கிறது என்றுதான் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அம்மா மீட்டரைச் சீண்டவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டாள். அடித் தட்டைச் சாய்த்தாள். அதிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் வந்தது. மண்ணிலிருந்து பொடிக் கொசுக்கள் பறந்தன. "நாலு எலை இருக்கற கன்னுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய தொட்டி? வேர் மூச்சு விட முடியாம தவிக்குது. இந்த நெலமையில சோறு போட்டா எப்படித் திங்கும்?"

நான் மொழிபெயர்த்தேன். அம்மா சொன்ன 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பதில் மட்டும் நாக்கு மாட்டிக்கொண்டது. காய விட்டுப் பாய்ச்சு, பாய்ச்சிவிட்டுக் காய விடு என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இனி மேல்மண் காய்ந்து தொட்டி லேசாகும்வரை தண்ணீர் கிடையாது, தட்டில் தேங்கக் கூடாது, புது இலை பச்சையாக வரும்வரை உரம் கூடாது. கொசுவுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. அடியில் பழுத்த முதல் ஜோடி விதையிலைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது எப்படியும் உதிரும்.

இதோடு விட்டிருக்கலாம். "நல்லா தேறினப்புறம் பஞ்சகவ்யம் கொடுக்கச் சொல்லு" என்றாள். என்னென்ன சேரும் என்று அவர் கேட்டார். பால், தயிர், நெய் வரை உற்சாகமாக எழுதியவர், சாணத்தில் நின்றார். கோமியம் வந்தபோது பேனாவை மூடிவிட்டார்.

அப்புறம் தினமும் வேலி ஓரம் நின்று விசாரணை. பழுத்த இலை பழுத்ததுதான், அது திரும்பப் பச்சையாகவில்லை. ஆனால் குருத்து பளிச்சென்று வந்தது. அந்தப் பூரிப்பில் அம்மா செடியை போட்டோ எடுத்து, 'கனடா புளிச்சக்கீரை, என் கைவைத்தியம்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். பெரியம்மா கும்பிட்டாள். சித்தி கடையலுக்குப் பூண்டு தட்டிப் போடச் சொன்னாள். வேளாண்மை படிக்கும் மாமா பையன் மட்டும், "அத்தை, போட்டோவை உடனே அழிங்க" என்றான்.

அடுத்த நிமிடம் அப்பாவின் போன். "பத்து வருஷம் கடுங்காவல்டி!" இந்தியச் சட்டத்தில் கஞ்சா பயிரிட்டால் அதிகபட்சம் அதுதான், தப்பாகச் சொல்லவில்லை. கனடா சட்டத்தை நான் விளக்க விளக்க, அவர் விமான நிலையத்து மோப்ப நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா என்னை முறைத்தாள். "உனக்கு மொதல்லயே தெரியும், இல்ல?" பதிலுக்குக் காத்திராமல் வேலிப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் மனிதர் பூவாளியோடு வந்துகொண்டிருந்தார். "மண்ணு இன்னும் ஈரமா இருக்கு, இன்னிக்கும் ஊத்த வேண்டாம்னு சொல்லுடா."

ஆகஸ்டில் நன்றிக்கடனாக ஒரு பை தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியதும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் ரசத்துக்கு எடுத்தாள்.