வெயில் நகர்வதற்குள்

நேற்று ஒரு எண்ணெய் வண்ணப் படத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். இரண்டு மரங்கள், நடுவே ஒரு மண்பாதை, மூன்று மணி நேர வேலை. வெளியே நின்று வரைந்துகொண்டிருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன், இடப்பக்க மரத்தின் நிழல் பாதையைத் தாண்டி நீண்டு கிடக்கிறது, கடைசியாக வரைந்த வலப்பக்க மரத்தின் நிழலோ வேரடியிலேயே சுருண்டு கிடக்கிறது. ஒரே படத்தில் காலை எட்டு மணியும் பதினோரு மணியும்!

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. மூன்று மணி நேரத்தில் 45 டிகிரி. கண் அதற்கேற்பப் பழகிக்கொண்டே வருவதால் வரைபவருக்கு அது உறைப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களைக் கையோடு வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை எடுத்துவைத்துவிட்டு அடுத்ததைத் தொடர்ந்தார். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே கேன்வாஸ். ஒரே ஒரு பலகையோடு போகிற நமக்கு வேறு வழி வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் வடிவத்தை மட்டும் போட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் வெயில் எங்கே போனாலும் அந்த நிழல்களைத் தொடுவதில்லை. நேற்று அந்தக் கட்டுப்பாட்டை விட்டேன், படம் போயிற்று. பலகையும் 8க்கு 10 அங்குலம் போதும், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு அதுதான்.

நிறத்தைவிட வெளிச்சத்தின் அளவுதான் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளானது. கண்ணை இடுக்கிப் பாருங்கள், இலைகளும் கிளைகளும் மறைந்து நான்கைந்து பெரிய திட்டுகள்தான் மிஞ்சும். பெரும்பாலான நாட்களில் வானம்தான் ஆக வெளிச்சமானது, அடுத்து தட்டையான தரை, அப்புறம் சரிவுகள், செங்குத்தாக நிற்கும் மரங்கள் ஆக இருண்டவை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது, எது அதை நோக்கி மல்லாந்து கிடக்கிறதோ அது அதிகம் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த வரிசை சரியாக விழுந்துவிட்டால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் படம் நிற்கும்.

பச்சைதான் பெரிய தொல்லை. ட்யூபிலிருந்து நேரே எடுத்த பச்சை பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தையும் காட்மியம் மஞ்சளையும் கலந்து, அதில் பிரஷ் நுனியளவு சிவப்பைச் சேர்த்துப் பாருங்கள், கூச்சல் அடங்கி மரத்துப் பச்சையாகிவிடும். தூரத்து மரங்களுக்கு மஞ்சளைக் குறைத்து நீலத்தையும் வெள்ளையையும் கூட்டினால் அவை தாமாகப் பின்னுக்குப் போகும்.

இன்னொன்று, பலகையும் வண்ணத்தட்டும் நிழலில் இருக்கட்டும். நேர்வெயிலில் வண்ணங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் கை தன்னையறியாமல் இருட்டாகக் கலக்கும், வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் சேறு மாதிரி கிடக்கும். என் முதல் ஆறேழு படங்கள் அப்படித்தான் வீணாயின. குடை கனமாக இருக்கிறதே என்று நான் கொண்டுபோகாததுதான் காரணம்.

ஈர வண்ணத்தில் பூச்சி ஒட்டினால் பதறி வழிக்காதீர்கள், காய்ந்தபின் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வான் கோ 1889இல் வரைந்த ஆலிவ் மரங்கள் படம் ஒன்றில் ஒரு வெட்டுக்கிளி ஒட்டியிருந்ததை 2017இல்தான் கண்டுபிடித்தார்கள். அவரும் வெளியே நின்றுதானே வரைந்தார், எனக்கு அந்தச் செய்தி அவ்வளவு பிடிக்கும்.

இந்த வண்ணங்களில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

சுரண்டிய பலகையில் மங்கலாக ஒரு பழுப்பு மிச்சமிருக்கிறது, அடுத்த படத்துக்கு அடிவண்ணமாக அதுவே போதும். நாளைக் காலை ஏழரைக்கு அதே இரண்டு மரங்கள். ஒன்பது மணிக்கு, முடிந்தாலும் முடியாவிட்டாலும், பிரஷைக் கழுவிவிடுவேன்.